அப்பம் பிட்கும் கையும் வருகையின் நாளும்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பழைய புத்தகக் கடைகளில் ஒரே நூலுக்குப் போட்டியிட்டு அறிமுகமானவர். எழுபதுகளில் தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்தவர். அவருடைய குடும்பம் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. பேரன் ஞானஸ்நானம் எடுக்கிறான், ஒரு முறை வந்து பாருங்களேன் என்று அழைத்தார். இலக்கிய நண்பர் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்றேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு வீடு. உள்ளே நீண்ட கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்னால் ஒரு மர மேடை. பலிபீடம் இல்லை, சுரூபம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, அங்கி அணிந்த குரு இல்லை. மேடையின் பலகைகளைத் தூக்கியபோதுதான் அதன் அடியில் ஒரு தொட்டி இருப்பது தெரிந்தது. முந்தைய நாள் மாலை தண்ணீர் லாரி வரவழைத்து நிரப்பியிருந்தார்கள். ஐ.டி.ஐ. படிக்கும் அந்தப் பையன் வெள்ளை வேட்டி சட்டையுடன் மார்பளவு நீரில் இறங்கினான். போதகர் அவனை மல்லாக்கச் சாய்த்து முழுவதுமாக நீருக்குள் அமிழ்த்தித் தூக்கினார். அதன் பிறகு முக்கால் மணி நேரப் பிரசங்கம். கடைசியில் ஒரு மேசைமேல் மூடியிருந்த வெள்ளைத் துணியை நீக்கி, துண்டாக்கிய ரொட்டியையும் சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் திராட்சை ரசத்தையும் வரிசை வரிசையாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் சபை மூப்பர்கள். அவர்களில் ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை வைத்திருப்பவர் என்று பிறகு அறிந்தேன். ஆண்டவர் திரும்பி வரும்வரை நாம் இதைச் செய்துகொண்டிருப்போம் என்று போதகர் சொல்லி முடித்தார்.

திரும்பும்போது மின்சார ரயிலில் இலக்கிய நண்பர் கேட்டார். தண்டவாளத்தை ஒட்டிய சுவரெல்லாம் இயேசு சீக்கிரம் வருகிறார் என்று எழுதியிருக்கிறதே, அந்தப் போதகரும் அதையே சொல்கிறாரே, அப்படியிருக்க இவர்கள் இருபதாண்டுத் தவணையில் வீட்டுக்கடன் வாங்குவது எப்படி? கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அது எளிய கேள்வி அன்று. அதற்கு விடை தேடி வாசிக்கத் தொடங்கி, கடன் விஷயம் எனக்கு மறந்தே போயிற்று. வேறொரு கேள்வி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. உலகின் முடிவு அண்மையில் இருக்கிறது என்று ஒரு கூட்டம் மெய்யாகவே நம்பினால் அதன் வழிபாடு என்ன ஆகும்? இன்னும் குறிப்பாக, அந்த அப்பத்தை எடுத்துப் பிட்கும் உரிமை யார் கைக்குப் போகும்?

பாப்டிஸ்டுகளைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் தஞ்சம் புகுந்திருந்த ஆங்கிலேயக் கூட்டம் ஒன்றிலிருந்து கிளைத்த சபை இது. குழந்தைக்குத் தலையில் நீர் தெளிப்பது ஞானஸ்நானம் ஆகாது. விவரம் அறிந்தவன் தானே நம்பி, தானே கேட்டு, முழுவதுமாக நீரில் மூழ்க வேண்டும் என்பது அவர்களின் அடிப்படை. தமிழில் இதற்கு 'முழுக்கு ஞானஸ்நானம்' என்ற சொல்லே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன்னைத் தானே ஆள்வது. பிஷப் என்ற மேலாள் கிடையாது. வழிபாட்டில் அவர்கள் வைத்துக்கொண்ட சடங்குகள் இரண்டே இரண்டு: முழுக்கு, பந்தி. இரண்டுமே காலத்தின் எல்லையைத் தொட்டு நிற்பவை என்பதைக் கவனிக்க வேண்டும். நீருக்குள் போவது மரணம், மேலே வருவது கடைசி நாளின் உயிர்த்தெழுதலுக்கு ஒத்திகை. பந்தியோ, வரப்போகிறவர் வரும்வரை மட்டுமே நடப்பது; அவர் வந்துவிட்டால் அதற்கு வேலையில்லை. இவ்வளவு மொட்டையான வழிபாட்டுக்குள் முடிவு பற்றிய எண்ணம் உப்பைப் போலக் கரைந்திருக்கிறது.

ஆனால் நாள் குறிப்பதில் அவர்கள் எச்சரிக்கையானவர்கள். இங்கிலாந்து பாப்டிஸ்டுகள் 1689-இல் ஏற்றுக்கொண்ட விசுவாச அறிக்கை 32 அதிகாரங்கள் கொண்டது. கடைசி அதிகாரம் இறுதித் தீர்ப்பைப் பற்றியது. அந்த நாள் நிச்சயம் என்கிறது. அதே மூச்சில், அது மனிதருக்கு மறைக்கப்பட்டது என்றும் சொல்கிறது. மறைத்ததற்குக் காரணமும் உண்டு. தெரிந்துவிட்டால் மனிதன் விழித்திருக்க மாட்டான். உளவியல் தெரிந்தவர்கள் எழுதியது.

இந்தியாவுக்கு 1793-இல் வந்த வில்லியம் கேரி இந்த மரபில் நம்பிக்கையின் பக்கம் நின்றவர். நற்செய்தி மெல்ல மெல்ல உலகை நிரப்பும், உலகம் திருந்தும், அதன் முடிவில் ஆண்டவர் வருவார் என்பது அவர் காலத்துப் பாப்டிஸ்டுகள் பலரின் எண்ணம். அப்படி நம்புகிறவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது. இலக்கணம் எழுதலாம், அச்சகம் நிறுவலாம், 1818-இல் செராம்பூரில் செய்ததுபோலக் கல்லூரி கட்டலாம். அடுத்த தலைமுறையில் காற்று திசை மாறியது. உலகம் திருந்தாது, கெட்டுக்கொண்டேதான் போகும், ஆண்டவர் வந்துதான் அதை நேர்செய்ய வேண்டும், அந்த வருகை மிக அருகில் என்று சொல்வோர் பெருகினர். நெப்போலியனின் போர்களைக் கண்ட தலைமுறை அது. இந்தப் புதிய காற்றில் முழுமையாகத் தூக்கிச் செல்லப்பட்டவரும் ஒரு பாப்டிஸ்ட்தான்.

வில்லியம் மில்லர் நியூயார்க் மாநிலத்து விவசாயி. 1812-ஆம் ஆண்டுப் போரில் படைத்தலைவராக இருந்தவர். நம்பிக்கையிழந்து திரிந்து, பின்னர் ஊர்ப் பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்து, விவிலியத்தை வரி வரியாகக் கணக்கிட்டவர். தானியேலின் புத்தகத்தில் வரும் 2300 நாள்களை ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457-இல் தொடங்கி எண்ணி, ஏறத்தாழ 1843 என்று விடை கண்டார். 1833-இல் பாப்டிஸ்டுகள் அவருக்குப் பிரசங்க உரிமம் அளித்தார்கள். கடைசியில் அவருடைய சீடர் ஒருவர் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்துவிட்டார். சிலர் வயலில் விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமலேயே விட்டார்கள். விடிந்தது; யாரும் வரவில்லை. சில மாதங்களில் மில்லரை அவருடைய சபையே விலக்கியது. அந்த ஏமாற்றத்தின் இடிபாடுகளிலிருந்து, ஏழாம் நாள் பாப்டிஸ்டுகளிடமிருந்து சனிக்கிழமை ஓய்வுநாளைக் கடன்பெற்று, செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபை எழுந்தது. அந்தச் சபை தமிழ்நாட்டுக்கு வந்த விதம் சுவையானது, பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்பே அந்தக் காற்று தமிழ்நாட்டை அடைந்துவிட்டது. கொண்டுவந்தவர் ஒரு பல் மருத்துவர்.

அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் இங்கிலாந்தின் எக்ஸீட்டர் நகரில் நல்ல வருவாயுடன் வாழ்ந்தவர். ஆங்கிலிக்கன் குருவாக வேண்டும் என்று டப்ளின் கல்லூரிக்குத் தேர்வெழுதப் போய்வந்துகொண்டிருந்தார். 1827-இல் பயணச்செலவுக்கு வைத்திருந்த பணம் வீட்டில் திருடுபோயிற்று. அதை இறைவனின் குறிப்பாகக் கொண்டு குருப்பட்ட எண்ணத்தையே விட்டுவிட்டார். (திருச்சபை வரலாற்றை இப்படி மாற்றிய திருடனுக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.) பட்டம் பெற்ற குரு இல்லாமலேயே நம்பிக்கையாளர் சிலர் கூடி அப்பம் பிட்கலாம் என்று டப்ளின் நண்பர்களிடம் முதலில் சொன்னவர்களில் அவர் ஒருவர். பின்னாளில் பிரதரன் சபை என்று அறியப்பட்ட இயக்கத்தின் விதை அது. அவரும் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர். அப்படியானால் நீர் இனி பாப்டிஸ்ட்தானே என்று கேட்டபோது இல்லையென்று மறுத்தவர். அவர் தங்கை மணந்த ஜார்ஜ் முல்லர் அப்போது டின்மத் நகரில் பாப்டிஸ்ட் வழிபாட்டுக்கூடம் ஒன்றின் போதகர். சுவருக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் ஒரே வீட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

1829-இல் குரோவ்ஸ் மனைவி மக்களோடு பாக்தாத் சென்றார். 1831-இல் கொள்ளைநோய், அதன்மேல் வெள்ளம், அதன்மேல் முற்றுகை. மனைவி இறந்தார், கைக்குழந்தையும் இறந்தது. அந்த நாள்களின் நாட்குறிப்பு அச்சில் வந்திருக்கிறது. சுற்றிலும் பிணங்கள் விழும்போது ஆண்டவரின் வருகையைத் தவிர அவருக்குப் பற்றிக்கொள்ள வேறொன்றும் இருக்கவில்லை. முடிவு பற்றிய நம்பிக்கையைச் சோம்பேறிகளின் கற்பனை என்று எண்ணுவோர் அந்தப் பக்கங்களை ஒரு முறை வாசிக்கலாம். அங்கிருந்து அவரை இந்தியாவுக்கு அழைத்தவர் யார் தெரியுமா? ஆர்தர் காட்டன். காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிய அதே பொறியாளர். அணை கட்டுகிறவர், உலகம் முடியப்போகிறது என்று நம்புகிறவரை வரவேற்றதில் இருவருக்குமே முரண்பாடு எதுவும் தோன்றவில்லை.

1833-இல் குரோவ்ஸ் தென்னிந்தியாவுக்கு வந்தார். அதே ஆண்டு ஜோசப் வோல்ஃப் என்பவரும் இந்தப் பக்கம் வந்தார். யூதராகப் பிறந்து கிறிஸ்தவரானவர், ஊர் சுற்றுவதில் பெரும் பித்தர். 1847-இல் கிறிஸ்து வருவார் என்று போகுமிடமெல்லாம் சொன்னவர். ஆக, இரண்டாம் வருகை என்னும் பேச்சு அந்த ஆண்டில் இரு வேறு வாய்களிலிருந்து தமிழ்நாட்டுக் காதுகளில் விழுந்திருக்கிறது. வோல்ஃப் ஆண்டு சொன்னார், போய்விட்டார். குரோவ்ஸ் ஆண்டு சொல்லவில்லை, தங்கினார். தங்கியவரின் பேச்சுத்தான் வேர் பிடித்தது.

அப்போது திருநெல்வேலியில் பெரும்புயல் ஒன்று திரண்டுகொண்டிருந்தது. சார்லஸ் ரேனியஸ் பிரஷ்ய நாட்டு லுத்தரன். ஆங்கிலிக்கன் சங்கமான சி.எம்.எஸ்.ஸின் ஊழியர். 1820-இலிருந்து பாளையங்கோட்டையில் தங்கி ஊர் ஊராகச் சபைகளை எழுப்பியவர், தமிழில் தேர்ந்தவர். தம்மிடம் பயின்ற தமிழ் உபதேசியார்களுக்குத் தாமே குருப்பட்டம் அளிக்க விரும்பினார். சங்கம் மறுத்தது. ஆங்கிலிக்கன் பிஷப்பின் கைதான் அவர்கள் தலைமேல் படவேண்டும் என்றது. ஆங்கிலிக்கன் முறைகளைக் கண்டித்து ரேனியஸ் ஒரு மதிப்புரை எழுதியதும் விரிசல் முற்றி, 1835-இல் அவரை விலக்கினார்கள். குரோவ்ஸ் ரேனியஸின் பக்கம் நின்று இங்கிலாந்தில் அவருக்காகப் பரிந்து பேசினார். 1838-இல் ரேனியஸ் மறைந்தார். ஒரு மதிப்புரைக்காக வேலை போன ஆசிரியர் என்ற வகையில் இலக்கிய இதழ் வாசகர்கள் அவரைச் சற்று அன்போடு நினைக்கலாம்.

ரேனியஸின் மாணவர்களில் ஒருவர்தான் அருளப்பன். ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்பது முழுப்பெயர். 1810-இல் உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். 1833-இல் குரோவ்ஸ் அந்தப் பக்கம் வந்தபோது அவருடன் புறப்பட்டுவிட்டார். அந்த வெள்ளைக்காரர் அவரைத் துபாஷியாக நடத்தவில்லை, சகோதரனாக நடத்தினார் என்பது அன்றைக்குச் சாதாரணம் அன்று. குரோவ்ஸ் பிறகு சென்னையில் பல் மருத்துவம் பார்த்து, அடுத்துச் சித்தூரில் குடியேறினார். சென்னையிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு அக்காலத்தில் முதல் பெரிய ஊர் பூந்தமல்லி. பட்டாளம் தங்கிய கண்டோன்மென்ட். இன்று அந்தச் சாலையில் சபைப் பெயர்ப்பலகைகளை எண்ணிக்கொண்டே போகலாம். சித்தூரில் குரோவ்ஸ் வேளாண்மை செய்தார், பட்டுப்புழு வளர்த்தார், கடன்பட்டார். ஊழியன் தன் கையால் உழைத்துச் சாப்பிட வேண்டும், சங்கத்தின் சம்பளத்தில் அன்று என்பது அவருடைய கொள்கை. கொள்கை நல்லது, பட்டுப்புழு ஒத்துழைக்கவில்லை. 1853-இல் பிரிஸ்டலில் முல்லர் வீட்டில் இறந்தார்.

அருளப்பன் அந்தக் கொள்கையைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுபோனார். 1840-களில் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்டியன்பேட்டை என்ற குடியிருப்பை உருவாக்கினார். எந்த மிஷனிடமும் சம்பளம் பெறவில்லை. நிலம் உழுது, பள்ளி நடத்தி, சுற்று ஊர்களுக்கு நடந்தே போய்ப் பிரசங்கித்தார். அங்கே வாரந்தோறும் பந்தி நடந்தது. பிட்டவர் அருளப்பன் அல்லது அவரோடு இருந்தவர். யாருடைய தலைமேலும் எந்த பிஷப்பின் கையும் பட்டதில்லை.

இதன் கனத்தை உணர, அக்காலத் தமிழ்க் கிறிஸ்தவனின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். உபதேசியார் என்பவர் ஊரில் தங்கிப் பாடம் சொல்வார், ஜெபம் நடத்துவார், நோயாளியைப் பார்ப்பார், பிணத்தோடு போவார். ஆனால் நற்கருணை வேண்டுமென்றால் பட்டம் பெற்றவர் வந்தாக வேண்டும். அப்படிப்பட்டவர் பெரும்பாலும் வெள்ளைக்காரர். அவருக்குக் கீழே எத்தனையோ ஊர்கள். ரேனியஸ் வழக்கின் சாரமே இதுதான். வழிபாட்டின் நடுமையம் தமிழனின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதை இறக்கிவைக்க நேர்வழியில் முயன்ற ரேனியஸுக்கு வேலை போயிற்று. அருளப்பனிடம் அது தானாக இறங்கியது. காரணம், முடிவு அண்மையில் இருக்கிறது என்ற நம்பிக்கை என்றே எனக்குத் தோன்றுகிறது. மணவாளன் வாசலில் நிற்கிறார் என்று நம்புகிறவனுக்கு, பட்டம் கொடுக்கப் பதினைந்து ஆண்டுப் பயிற்சி, அதற்கு ஒரு கல்லூரி, அதற்கு ஒரு பிஷப் என்பதெல்லாம் எதற்கு? நூறாண்டுத் திட்டம் போடுகிறவனுக்குத்தான் படிநிலை வேண்டும். முடிவை நோக்கி நிற்கிறவனுக்குக் கையில் இருக்கும் ரொட்டியும் எதிரில் இருக்கும் மனிதரும் போதும். பதவியைக் கேட்டுப் போராடாமல் பதவியே தேவையற்றது என்றாக்கிவிட்டது அந்த நம்பிக்கை. குரோவ்ஸின் இறையியல் இங்கிலாந்தில் ஓர் அழகான கருத்தாக இருந்தது. வத்திராயிருப்பில் அது சுயாட்சி ஆயிற்று.

1857 முதல் 1859 வரை அமெரிக்காவிலும் அயர்லாந்தின் வடபகுதியிலும் எழுந்த ஆவிக்குரிய எழுப்புதலின் செய்திகள் இங்கே வந்து சேர்ந்தன. 1860-இல் கிறிஸ்டியன்பேட்டையில் அது வெடித்தது. மக்கள் நடுங்கினர், விழுந்தனர், அழுதனர், புரியாத மொழிகளில் பேசினர், தரிசனம் கண்டனர். பெண்கள் எழுந்து தீர்க்கதரிசனம் உரைத்தனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசுசா தெருவில் 1906-இல் தொடங்கியதாகப் பெந்தெகொஸ்தே வரலாறுகள் சொல்லும் நிகழ்வுகள் நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே நம் பருத்திக்காட்டில் நடந்திருக்கின்றன. ஆங்கிலிக்கன் சபைகளுக்கும் அது பரவியது. வரவேற்ற மிஷனரிகளும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. சுளித்தவர்களின் கவலை வெறும் கூச்சலைப் பற்றியது மட்டுமன்று. பட்டம் பெறாத ஆணும், அதற்கும் மேலாகப் பெண்ணும், இறைவன் தன் வாயால் பேசுகிறான் என்று சொல்லும்போது அவர்களை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? அருளப்பன் 1867-இல் மறைந்தார். அவருடைய நாட்குறிப்புகளையும் வரலாற்றையும் ஜி. எச். லாங் என்பவர் 1939-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டிராவிட்டால் நமக்கு இவ்வளவும் தெரிந்திருக்காது.

அருளப்பன் நாள் குறிக்கவில்லை. அவர் வழிவந்த தீயை ஏந்திக்கொண்ட ஒருவர் குறித்தார்.

1873 வாக்கில் அருளப்பனின் சீடர்கள் மலையைத் தாண்டித் திருவிதாங்கூருக்குள் சென்றார்கள். அங்கே யுஸ்துஸ் ஜோசப் என்ற ஆங்கிலிக்கன் போதகர் இருந்தார். பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பம், இயற்பெயர் ராமய்யன். சமஸ்கிருதத்திலும் சங்கீதத்திலும் தேர்ந்தவர், அதனால் வித்வான் குட்டி என்று பெயர். மாவேலிக்கரையில் ஜோசப் பீட் என்ற மிஷனரியிடம் 1861-இல் குடும்பத்தோடு கிறிஸ்தவரானவர். எழுப்புதலில் கலந்த அவர் 1875-இல் அறிவித்தார்: கிறிஸ்து 1881-இல் வருகிறார். நாளும் குறிக்கப்பட்டது, அக்டோபர் 2. ஆங்கிலிக்கன் சபையிலிருந்து பிரிந்து 'உணர்வுச் சபை' என்று தனியே கூடினார்கள். ஆறாண்டுகள் காத்திருந்தார்கள். அமெரிக்க விவசாயி மில்லரின் கதை அவர்களுக்குத் தெரிந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. எதிர்பார்ப்பவன் முந்தைய ஏமாற்றத்தைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த ஆறாண்டுகள் வீண்போகவில்லை என்றுதான் இலக்கிய வாசகன் என்ற முறையில் சொல்வேன். யுஸ்துஸ் ஜோசப் கர்நாடக இசையில் அமைத்த மலையாளக் கீர்த்தனைகள் கேரளச் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. அவற்றில் ஒன்று, மணவாளனை நோக்கி வரத் தாமதம் ஏன் என்று மணவாட்டி கேட்பது. பதம் பாடும் நாயகியின் குரல். அதை முதன்முறை கேட்டபோது எனக்கு விவிலியம் நினைவுக்கு வரவில்லை. முல்லைத்திணை நினைவுக்கு வந்தது. கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப்போன தலைவன் வரவில்லை. மழை வந்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். அப்போது தோழி சொல்வாள்: இது கார் அன்று, காலம் தவறிப் பெய்யும் வம்புமழை, அறியாத கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது, நீ கலங்காதே. 'பருவம் அன்று என வற்புறுத்தல்' என்று இதற்குத் துறையே வகுத்திருக்கிறார்கள்.

1881 அக்டோபர் 2 வந்து போனது. உணர்வுச் சபையார் தமக்குத் தாமே தோழி ஆனார்கள். ஆனால் எதிர்த்திசையில். இது பருவம் அன்று என்று சொல்லவில்லை. பருவம் இதுவே, தலைவன் வந்துவிட்டான், உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்றார்கள். அந்த நாளோடு புதிய யுகம் தொடங்கிவிட்டதாகக் கொண்டு யுயோமய சபை என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். மில்லரின் சீடர்களும் ஏறத்தாழ இதையே செய்தார்கள்: நாள் சரி, நிகழ்வு விண்ணகத்தில் நடந்தது, மண்ணில் அன்று என்றார்கள். யுஸ்துஸ் ஜோசப் 1887-இல் இறந்தார்.

அட்வென்டிஸ்டுகள் தமிழ்நாட்டுக்கு வந்த கதைக்குத் திரும்புகிறேன். 1893-இல் அந்தச் சபையின் புத்தக விற்பனையாளர் இருவர் சென்னையில் வந்திறங்கினர். ஆங்கிலம் படிப்போருக்குப் புத்தகம் விற்றார்கள், அவ்வளவே. 1908-இல் ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் நாசரேத்துக்கு அருகே உள்ள பிரகாசபுரத்துக்குப் போனபோது, அங்கே முன்பே சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரிக்கும் தமிழர்கள் இருந்தார்கள். அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857-இல் தொடங்கிய, ஐரோப்பியர் கை படாத தனிச்சபை அவர்களுடையது. கால்டுவெல்லின் சாணார் பற்றிய நூலால் கொதித்த சமூகத்தின் குரல் சட்டாம்பிள்ளை. வெள்ளைக்காரன் விவிலியத்தைத் திருத்தி ஞாயிற்றுக்கிழமை ஆக்கிவிட்டான், யூதர்கள் வைத்திருந்ததே சரி என்று அவர் தாமே முடிவுகட்டியவர். நியூயார்க் விவசாயியின் கணக்கிலிருந்து கிளம்பிய ஓடை, ஏழாம் நாள் பாப்டிஸ்டுகளின் ஓய்வுநாளையும் சுமந்துகொண்டு, அரை நூற்றாண்டு கழித்துத் தேரிக்காட்டில் வந்து பார்த்தால், அதே ஓய்வுநாள் அங்கே உள்ளூர்க் கோபத்தில் ஊறிக் கிடக்கிறது. இதை இறக்குமதி என்பதா?

இவ்வளவு சொன்ன பிறகு, நாள் குறிக்காத பாப்டிஸ்டுகளை விட்டுவிட்டால் நியாயம் இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை எரித்த பஞ்சத்தைவிட உலக முடிவுக்கு நெருக்கமான ஒன்றை இந்நிலம் கண்டதில்லை. ஓங்கோலில் இருந்த அமெரிக்கப் பாப்டிஸ்ட் ஜான் கிளாஃப், மிஷனரி ஆகும் முன் நில அளவையாளர். அவர் முடிவைப் பற்றிப் பேசவில்லை. பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் தோண்டும் ஒப்பந்தத்தை எடுத்து, பட்டினியால் வந்தவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். பஞ்சம் நடக்கும்வரை யாருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்று நிறுத்தியும் வைத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது. பஞ்சம் தணிந்தபின் 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2222 பேர் மூழ்கி எழுந்தார்கள். நீரில் நின்று அமிழ்த்தியவர்கள் இந்தியப் போதகர்கள். ஒரே நேரத்தில் இருவராக, மாறி மாறி. அங்கேயும் சடங்கு உள்ளூர்க் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அவசரத்தால் அன்று, எண்ணிக்கையால்.

கொல்லிமலையில் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் பணியாற்றிய ஜெஸ்ஸி பிராண்ட் இன்னும் மெதுவானவர். மலை மக்களுக்கு மருத்துவமும் தச்சும் கற்பித்து, 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். 1914-இல் பிறந்த அவர் மகன் பால் பிராண்டுதான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தியவர். 1689 அறிக்கையின் கடைசி அதிகாரத்தை நம்பியவர்களின் வாழ்க்கை இப்படியும் இருந்தது.

ஆவடி நண்பரிடம் இவற்றையெல்லாம் ஒரு மாலையில் சொன்னேன். அருளப்பன் பெயரை அவர் பாட்டி சொல்லிக் கேட்டதுண்டாம். ரயிலில் கேட்கப்பட்ட வீட்டுக்கடன் கேள்வியையும் சொன்னேன். சிரித்தார். என் கடன் 2009-இலேயே முடிந்துவிட்டது என்றார். பிறகு பேரன் முழுக்கு எடுத்த அன்று பந்தி முடிந்ததும் வாசித்த அறிவிப்புகள் எனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அடுத்த பந்தி வரும் மாதம் முதல் ஞாயிறு. மாடிக்குத் தளம் போடும் நிதிக்கு உறுதி சொன்னவர்கள் மீதியைச் செலுத்தவும். கம்பி விலை ஏறுவதால் தாமதம் வேண்டாம். வாசித்தவர் அந்த லேத் பட்டறைக்காரர்.